வெள்ளிக்கிழமை கழுவிய தொட்டி

கண்ணாடிக் கடை லிங்கம், மின்சாரச் சாமான் கடை ஜாபிருக்கு முந்நூற்று நாற்பது ரூபா கடன்பட்டிருந்தார். வீட்டு மீன்தொட்டியில் தண்ணீரை வடிகட்டுகிற ஒரு மோட்டார் பெட்டிக்காகப் பட்ட கடன். எண்பதாம் ஆண்டில் பதுளையில் அது சின்னக் காசல்ல. ஒரு குடும்பம் அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் வயிறாரச் சாப்பிடலாம். ஆனால் லிங்கத்திடம் காசு இல்லாமல் நின்ற கடனல்ல அது. கையில் இருந்தும், கொடுக்க மாட்டேன் என்று அவர் பிடிவாதமாய் நிறுத்தி வைத்த கடன்.

லிங்கம் யாரென்று தெரிந்தால்தான் அந்தக் கடனின் கனம் விளங்கும். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர் அவர். அப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு தள்ளிய ஆள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை ஒதுங்கியதுதான் படிப்பு. மீசை முளைக்கு முன்பே பதுளைக்கு வந்து, ஒரு பழைய கண்ணாடிக் கடையில் உடைசல் பொறுக்கி, விரலெல்லாம் வெட்டுப்பட்டுத் தொழில் பழகினார். படித்தவர்கள் பதுளையில் நிறைய இருந்தார்கள். கந்தோரில் உட்கார்ந்து காகிதம் நகர்த்தினார்கள். ஒரே கீறலில், பிசிறில்லாமல், ஆளுயரக் கண்ணாடியை ரொட்டி பிட்கிற மாதிரி இரண்டாக்குவதற்கு அவர்களில் ஒருவருக்குத் தெரியுமா? லிங்கத்துக்குத் தெரியும். அந்தக் கையை நம்பியே பசார் வீதியில் சொந்தக் கடை பிடித்தார். முருகனுக்கும் புத்தருக்கும் மக்காப் படத்துக்கும் சட்டம் அடித்தார். கலியாண ஜோடிக்கும் சட்டம், செத்தவர் படத்துக்கும் சட்டம். யாரிடமும் ஒரு சதம் கைநீட்டி வாங்கியதில்லை, யாருக்கும் ஒரு சதம் கடன் வைத்ததில்லை. இதை அவரே தினமும் நாலு பேருக்காவது சொல்லுவார். சொல்லட்டுமே, உண்மைதானே.

அவருக்கு ஒரு பழக்கம். எந்தப் படத்தையும் வாடிக்கையாளர் கையில் கொடுக்கு முன் கண்ணாடியில் வாயால் ஆவி ஊதி, பழைய பேப்பரால் துடைத்து, சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். ஒரு ரேகைத் தடம் இருந்தால் மறுபடி ஊதுவார். "கண்ணாடின்னா இருக்குதா இல்லையான்னே தெரியக் கூடாது. தெரிஞ்சா அது கண்ணாடி இல்ல, அழுக்கு" என்பார்.

அவர் மனைவி கனகம். அவளும் அதே தோட்டத்துப் பெண்தான். பிள்ளைகள் இல்லை. தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசும் போட்ட ஒப்பந்தத்தில் அவள் கூட்டாளிகள் ஒவ்வொருத்தியாய்க் கப்பலேறி இந்தியாவுக்குப் போனபோது, லிங்கத்துக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் கனகம் இங்கே தங்கினாள். போகிறவர்கள் சாமி படங்களைச் சட்டத்தோடு கடைக்குக் கொண்டுவந்து, கண்ணாடியை மட்டும் கழற்றித் தரச் சொல்லுவார்கள். கப்பலில் உடைந்துவிடுமாம். கழற்றிக் கொடுக்கும்போது கனகம் கடை வாசலில் நின்று அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருத்தியிடமும் லிங்கம் அதற்குக் காசு வாங்கியதில்லை.

எழுபத்தொன்பதாம் ஆண்டு மழைக்காலத்தில் கனகத்தின் முகம் ஊதியது. பிறகு கால். அமுக்கினால் விரல் பள்ளம் அப்படியே நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் நல்ல மனிதர், உட்கார வைத்துப் பொறுமையாய்ச் சொன்னார். "சிறுநீரகம்ங்கிறது உடம்போட வடிகட்டி மாதிரி. இவங்களோடது அடைபட்டுப் போச்சு. அத வெளிய எடுத்துக் கழுவ முடியாது. உப்பக் கொறைங்க. படுத்திருக்கட்டும்."

லிங்கம் வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "கழுவ முடியாதாம்" என்று மட்டும் சொன்னார்.

கனகத்தின் தங்கை அன்னலட்சுமி கைம்பெண். பசறையிலிருந்து வந்து அக்காவைப் பார்த்துக்கொண்டாள். முன்னறையில் கட்டிலைப் போட்டார்கள். கட்டிலில் கிடந்தால் எதிரே தெரிவது வெறும் சுவர். ஒரு நாள் கனகம், "இந்தச் சொவத்தப் பார்த்துப் பார்த்து எனக்கு மண்டைக்குள்ளேயும் சொவராயிருச்சிங்க" என்றாள். அன்றைக்கே லிங்கம் தடித்த ஷோகேஸ் கண்ணாடியை அளந்து வெட்டினார். இரும்புச் சட்டம் ஒட்டவைத்து, இடுக்கில் நீர் கசியாமல் பட்டிப் பசை பூசி, காயவைத்து, இரண்டு பேர் தூக்குகிற மீன்தொட்டி ஒன்றைச் செய்து சுவரோரம் வைத்தார். கொழும்பிலிருந்து ரயிலில் பொலித்தீன் பையில் ஆறு தங்கமீன்கள் வந்தன.

கனகம் அவற்றுக்குப் பேர் வைத்தாள். பேச்சி, ராக்கு, அழகி, வேலம்மா, சின்னப்பொண்ணு, செவனம்மா. கப்பலேறிப் போன கூட்டாளிகளின் பேர்கள். வாலில் கறுப்பு விழுந்திருந்ததுதான் செவனம்மா.

"செவனம்மாளுக்கும் இப்பிடித்தாங்க, சீலை முந்தானையில எப்பவும் கறை" என்று கனகம் சிரித்தாள். ஊதிய முகத்தில் அந்தச் சிரிப்பை லிங்கம் பார்த்தார். அந்த ஆறும் உயிரோடு இருக்க வேண்டும் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டார். அவருக்கு வேறு சாமி வேண்டுதல் எதுவும் இல்லை, அது ஒன்றுதான்.

தொட்டித் தண்ணீர் சில நாளிலேயே அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆனது. லிங்கம் ஜாபிர் கடைக்குப் போனார். ஜாபிர் தந்தை காலத்திலிருந்து பசாரில் இருக்கிற முஸ்லிம் வியாபாரி. ரேடியோ, பல்ப், மோட்டார் எல்லாம் உண்டு. இறக்குமதி திறந்துவிட்ட புதிது. கொழும்பில் என்ன இறங்கினாலும் ஒன்றிரண்டு அவர் கண்ணாடி அலுமாரிக்கு வந்துவிடும். இருவருக்கும் அப்படியொரு சிநேகம். இவர் அவரை நானா என்பார், அவர் இவரை அண்ணே என்பார். வயதில் யார் மூப்பு என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

"பாருங்க அண்ணே, தண்ணி வடிக்கிறதுல மூணு சாதி இரிக்கி" என்று ஜாபிர் விரல் மடக்கினார். "ஒண்ணு, மூலையில வெக்கிற சின்னப் பெட்டி. உள்ளுக்குப் பஞ்சும் கரியும். காத்து மோட்டார் ஒண்ணு குமிழி விடும், தண்ணி பஞ்சுக்குள்ளால போய் வரும். ரெண்டாவது, கல்லுக்கு அடியில போடுற ஓட்டத் தட்டு. தொட்டியில இரிக்கிற கல்லே வடிச்சிக் குடுக்கும். மூணாவது, வெளிய தொங்க வெக்கிற மோட்டார் பெட்டி. தண்ணிய உறிஞ்சி எடுத்து, வடிச்சி, அருவி மாதிரி ஊத்தும். சிங்கப்பூர் சாமான். வெலயக் கேட்டா வேர்த்துப் போவீங்க."

"நானா, நான் பசறைக் குளுருல பொறந்தவன். எனக்கு வேர்க்காது."

"ஆறு மீனுக்கு மூலப் பெட்டி போதும். சும்மா காசக் கரியாக்க வாணாம்."

மூலைப் பெட்டியை வாங்கினார். தண்ணீர் தெளிந்தது. கனகம் நாள் முழுதும் குமிழியைப் பார்த்துக் கிடந்தாள். பேச்சி குமிழிக்குள் நுழைந்து வெளியே வருவதைக் கைதட்டி அன்னலட்சுமிக்குக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் ஒரு தூசி தங்காது. விடியுமுன்பே அன்னலட்சுமி மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தரையைத் துடைப்பாள். குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவாள். லிங்கமும் கடையைப் பிந்தித் திறக்கிற நாள் அது. மீன்தொட்டி மட்டும் அழுக்காய் இருக்கலாமா? சட்டையைக் கழற்றிப் போட்டு இறங்கினார். மீன்களைக் குண்டானில் எடுத்து வைத்தார். தண்ணீர் முழுவதையும் முற்றத்தில் ஊற்றினார். பெட்டிக்குள் இருந்த பஞ்சு லேசாய்ப் பழுப்பேறியிருந்தது. அதை எறிந்துவிட்டு வெள்ளை வெளேரென்று புதுப்பஞ்சு வைத்தார். கரியைத் தேய்த்துக் கழுவினார். கற்களைச் சோற்றுப் பானையில் போட்டுக் கொதிக்க வைத்தார். கண்ணாடியில் ஆவி ஊதி ஊதித் துடைத்தார். குழாய்த் தண்ணீரை நிரப்பி, மீன்களை விட்டார். தொட்டி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மீன்கள் காற்றில் நீந்துகிற மாதிரி இருந்தது.

"எப்பிடி?" என்றார் கனகத்திடம்.

"ஒங்க கை பட்டா சொல்லணுமா" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. துடுப்பில் இரத்தக் கீறல் மாதிரி சிவப்பு. திங்கட்கிழமை பக்கவாட்டில் மிதந்தது. லிங்கம் கனகத்துக்குத் தெரியாமல் எடுத்துவிட நினைத்தார். அவள் முழித்துத்தான் இருந்தாள்.

"வேற ஒண்ணு வாங்கிட்டு வரட்டா?"

"வேணாங்க. போனவ போனவதான்."

அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் அழுத்தித் தேய்த்தார். மீன்கள் அடியில் போய் உட்கார்ந்துகொண்டன, தீனி எடுக்கவில்லை. பெட்டி பத்தாது, அதுதான் கோளாறு என்று அவருக்குத் தோன்றியது. ஜாபிரிடம் போய் இரண்டாவது சாதியை வாங்கினார். ஓட்டைத் தட்டைப் போட்டு, அதன் மேல் ஓயா ஆற்றிலிருந்து அரித்தெடுத்த பொடிக்கற்களைப் பரப்பினார். தட்டைக் கழுவ வேண்டுமென்றால் மொத்தத் தொட்டியையும் கவிழ்க்க வேண்டும். அதனாலென்ன, கவிழ்த்தார். வெள்ளிதோறும் கவிழ்த்தார். சொந்தக் கையால் முன்னுக்கு வந்த மனிதனுக்கு வேலை ஒரு பாரமா?

ராக்கு போனது. சில வாரம் கழித்து அழகி போனது.

மீனுக்கு நோய் வந்தால் தண்ணீரில் கல்லுப்புப் போட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். லிங்கம் ஒரு கை உப்பை அள்ளித் தொட்டியில் போட்டார். கனகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு கல்லு குடுக்க மாட்டேங்குறீங்க. அதுகளுக்கு அள்ளிப் போடுறீங்களே."

விளையாட்டாய்த்தான் சொன்னாள். லிங்கம் கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

ஒரு தரம் ஜாபிர், "அண்ணே, கொழும்புல மீன் விக்கிற ஆளொருத்தன் கடைக்கு வந்தான். அந்தப் பஞ்சயும் கல்லயும் சும்மா சும்மா கழுவத் தேவல்லண்டு சொல்றான். அதுல படியிற ஊத்தையில என்னமோ இரிக்காம், அது தான் தண்ணிய நல்லாக்குதாம்" என்றார்.

லிங்கம் கடையே அதிரச் சிரித்தார். "ஊத்த தண்ணிய நல்லாக்குமா? நானா, அது சோம்பேறிப் பய பேச்சு. அவன் வீட்டுக்குப் போய்ப் பாருங்க, பொண்டாட்டி சட்டி கழுவ மாட்டா."

"எனக்குந் தெரியா. அவன் சொன்னதச் சொன்னேன்" என்று ஜாபிரும் சிரித்துவிட்டார்.

கனகமும் ஒரு தரம் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை, அவர் குண்டானை எடுக்கும்போது. "இந்த ஒரு வாரம் விட்டுருங்களேன். கொஞ்சம் அழுக்காவே இருக்கட்டுமே."

லிங்கத்துக்கு அது வேறு மாதிரி கேட்டது. உடம்பைத் தேற்ற வேண்டாம், போகிறபடி போகட்டும் என்று சொல்கிறாளோ என்று நினைத்தார். அழுக்காய் விடுவதென்றால் கைவிடுவது, அவருக்கு வேறு அர்த்தம் தெரியாது. "நீ பேசாம படு. நான் இருக்கேன்ல" என்றார். அவளும் பேசாமல் படுத்தாள்.

கண்டியில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். காரில் போய் வந்த செலவு, ஊசிச் செலவு, தங்கிய செலவு. திரும்பி வந்தபோது கல்லாவில் இருந்தது கண்ணாடிச் சரக்கு எடுக்கவே பத்தாது. அந்த வாரந்தான் ஜாபிர் கடையில் மூன்றாம் சாதியைப் பார்த்தார். மோட்டார் பெட்டி. சின்னதாய், கறுப்பாய், உறுமலே இல்லாமல் ஓடியது.

"இதக் குடுங்க நானா."

"இப்பத்தான் கண்டிக்குப் போய் வந்திரிக்கிறீங்க. பொறுத்து எடுப்போம்."

"குடுங்கங்குறேன். அடுத்த மாசம் எண்ணி வைக்கிறேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அப்படிச் சொன்னார். ஜாபிர் மறு பேச்சில்லாமல் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார். ஒரு காகிதத்தில்கூட எழுதவில்லை. லிங்கம் சொன்னால் போதும் என்பது பதுளை பசாருக்கே தெரியும்.

மோட்டார் பெட்டி தண்ணீரை உறிஞ்சி, துன்ஹிந்த அருவிக்குத் தங்கை மாதிரி ஊற்றியது. மீதியிருந்த மூன்றும், வேலம்மா, சின்னப்பொண்ணு, செவனம்மா, அருவிக்கு எதிரே போய் நின்று வாலை ஆட்டின. கனகத்துக்கு அப்போது பேச மூச்சுப் போதாது. கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். அந்த வாரம் முழுதும் லிங்கம் கடையில் பாட்டுப் பாடிக்கொண்டு கண்ணாடி வெட்டினார்.

வெள்ளிக்கிழமை பெட்டியைக் கழற்றினார். உள்ளேயிருந்த பஞ்சுத் துண்டு லேசாய் வழுவழுத்தது. சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்தார். கற்களைக் கொதிக்க வைத்தார். முழுத் தண்ணீரையும் மாற்றினார்.

இரண்டு நாள் கழித்து, ஒரே காலையில், வேலம்மாவும் சின்னப்பொண்ணும் மிதந்தன.

லிங்கம் கடையைத் திறக்காமல் நேரே ஜாபிரிடம் போனார். கடையில் ஆட்கள் நின்றார்கள். அவர் பார்க்கவில்லை.

"என்ன சாமான் வித்திருக்கே நீ?" நானா என்ற சொல் அன்றைக்கு வாயில் வரவில்லை. "மீன வளக்கிற மெசினா, கொல்ற மெசினா? ஒரு நாள்ல ரெண்டு பொணம்!"

"அண்ணே, உள்ளுக்கு வாங்க. உக்காந்து பேசுவோம்."

"உக்காரவா வந்தேன்? அங்க ஒருத்தி அதப் பார்த்துப் பார்த்துத்தான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கா!"

"மெசின்ல கொற இரிந்தா கொண்டு வாங்க, மாத்தித் தாறேன். ஆனா மீனு மவுத்தாகாதுண்டு சொல்லி நான் விக்கல்லயே. நீங்க அதக் கழு—"

"கழுவுறதப் பத்தி எங்கிட்ட பேசாதே! இந்த ஊருல கழுவுறது எப்பிடின்னு எனக்குச் சொல்ல ஒருத்தன் பொறக்கணும். ஒரு சதம் தர மாட்டேன். கேட்டுப் பாரு!"

ஜாபிர் கேட்கவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. பசார் கேட்டது. லிங்கம் முதலாளியும் கடன் வைத்துவிட்டாராம் என்று தேநீர்க் கடையில் பேச்சு. அவர் காதிலும் அது விழுந்தது. விழ விழப் பிடிவாதம் இறுகியது, சொன்ன மாதம் வந்து காசு சேர்ந்தும் கொடுக்கவில்லை. காசு கொடுத்தால் பெட்டி நல்ல பெட்டி என்று ஆகிவிடும். பெட்டி நல்லதென்றால் கெட்டது எது?

தொட்டியில் செவனம்மா மட்டும் இருந்தது. லிங்கம் விடவில்லை. ஒரே மீனுக்காக வெள்ளிக்கிழமை தொட்டியைக் கவிழ்த்தார். அது எப்படியோ தப்பிக் கிடந்தது, மூலையில், துடுப்பை மடித்துக்கொண்டு. ஒரு புதன்கிழமை மத்தியானம் கனகம் அவர் கையைப் பிடித்தாள். பிடித்த கை ஊதி, தோல் மினுங்கியது.

"அந்த ஒருத்தியாவது இருக்கட்டுங்க. இந்த வாரம் தொடாதீங்க."

"சரி" என்றார். சொல்லிவிட்டாரே தவிர, வெள்ளிக்கிழமைக்குப் புதுக் கரி வாங்கித்தான் வைத்திருந்தார்.

வியாழக்கிழமை பகல் கனகம் போய்விட்டாள். அன்னலட்சுமி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். லிங்கம் கடையில் யாருக்கோ கலியாணப் படத்துக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தார்.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். ஜாபிரும் வந்தார். வாசலில் மற்றவர்களோடு வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். கணக்குக் கேட்க வந்துவிட்டான் என்று லிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு பிளேன்டி தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. பாடை எடுக்கும்போது ஜாபிர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சுடுகாட்டுத் திருப்பம் வரை கூடவே நடந்து வந்தார்.

பிணம் எடுத்த பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். தொட்டியை யாரும் தொடவில்லை. துக்க வீட்டில் வெள்ளிக்கிழமை ஏது? விளக்கு ஏற்றவில்லை, மஞ்சள் தண்ணீர் தெளிக்கவில்லை. மோட்டார் பெட்டியை நிறுத்தவும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. கனகத்தின் படத்துக்கு லிங்கமே சட்டம் அடித்தார். கண்ணாடியில் ஆவி ஊதப் போனவர், மூச்சு வராமல், அப்படியே துடைக்காமல் மாட்டினார். கடையைப் பாதி நாள் திறந்தார், பாதி நாள் திறக்கவில்லை. வெறும் கட்டிலில் உட்கார்ந்து, எதிரே பாராமல், தரையைப் பார்த்தார். தொட்டிப் பக்கம் அவர் கண் போகவேயில்லை. அங்கேயும் ஒன்று செத்து மிதக்கும் என்று அவருக்குத் தெரியும். அதையும் எடுக்கிற தெம்பு அவருக்கில்லை.

முப்பத்தோராம் நாளும் கழிந்தது. அன்னலட்சுமி பசறைக்குத் திரும்பப் பெட்டி கட்டினாள். அவள் போகு முன் வீட்டைத் துப்புரவாக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று லிங்கம் எழுந்தார். முதலில் தொட்டி. கண்ணாடியில் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. கற்களெல்லாம் பழுப்பு. மோட்டார் பெட்டி மூடியைத் திறந்தால், பஞ்சு தேநீர்ச் சக்கை நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. முகம் சுளித்து அதற்குள் கையை விட்டார்.

அப்போது பாசிக்குப் பின்னால் எதுவோ அசைந்தது. கறுப்பு வால். செவனம்மா முன்னைவிடப் பருத்து, துடுப்பை அகல விரித்து, அவர் விரலருகே வந்து வாயைக் குவித்தது. தண்ணீர் பாசி மணம் அடித்தாலும், உள்ளே சுனைத் தண்ணீர் மாதிரித் தெளிந்திருந்தது.

"இது சாகலியா?"

"ஏன் சாகணும்?" என்றாள் அன்னலட்சுமி வாசலில் நின்று. "ஒழுங்கா இருக்கு. தெனமும் நாலு சோத்துப் பருக்கை போடுறேன், தின்னுட்டு ஆடுது. மச்சான், அதக் கழுவப் போறீங்களா?"

"ஊத்தையாக் கெடக்குதே புள்ள."

அவள் உள்ளே வந்து தொட்டியருகே நின்றாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"அக்கா படுக்கையில கெடந்து பார்த்துக்கிட்டேதானே இருந்துச்சு. வெள்ளிக்கெழம கழுவுனா ஞாயித்துக்கெழம நோவுது, ஒரு வாரம் நீங்க அக்காவோட கண்டிக்குப் போயி கழுவாம இருந்தப்ப, திரும்பி வந்து பார்த்தா எல்லாம் நல்லா இருந்துச்சு. எங்கிட்டச் சொல்லும், அன்னம், வெள்ளிக்கெழமதான் இதுகளுக்கு எமன் வர்றான்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன். அந்த மனுசன் எனக்குன்னு செய்யிற ஒரே வேல அது, அந்தக் கையில கொற சொல்ல என்னால முடியாதுன்னு சொல்லிருச்சு."

மோட்டார் சின்னதாய் உறுமிக்கொண்டிருந்தது. லிங்கத்தின் கை பெட்டிக்குள்ளேயே இருந்தது. கொழகொழவென்ற பழுப்பு விரல் இடுக்கெல்லாம் ஒட்டியிருந்தது. ஊத்தையில் என்னமோ இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டுச் சிரித்த ஜாபிரின் முகம் வந்தது. கொஞ்சம் அழுக்காவே இருக்கட்டுமே என்ற குரல் வந்தது. பேச்சி, ராக்கு, அழகி, வேலம்மா, சின்னப்பொண்ணு. கூட்டாளிகளை இரண்டாம் தரமும் வழியனுப்பிவிட்டுத்தான் அவள் போயிருக்கிறாள், ஒவ்வொருத்தியையும் யார் அனுப்புகிறார் என்று தெரிந்தே, வாயைத் திறக்காமல்.

டாக்டர் அன்றைக்குச் சொன்னது எல்லாருக்கும் விளங்கியிருக்கும். கழுவ முடியாது என்றால் கழுவ முடியாது. லிங்கம் மட்டும் ஊர்த் தண்ணீரையெல்லாம் ஊற்றிக் கழுவிப் பார்த்திருக்கிறார்.

அவர் பஞ்சை எடுத்த இடத்திலேயே மெல்ல வைத்தார். மூடியைப் போட்டார். கையைக் கழுவவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, அலுமாரியைத் திறந்து, காசை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"எங்க மச்சான்?"

"வந்திர்றேன். அதத் தொடாதே."

பசார் வீதியில் அவரைப் பார்த்தவர்கள் துக்கத்துக்குத் தலையசைத்தார்கள். ஜாபிர் கடையில் அன்று யாருமில்லை. ஜாபிர் ஒரு ரேடியோவைப் பிரித்து வைத்துத் தூசி ஊதிக்கொண்டிருந்தார். லிங்கத்தைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க அண்ணே. உக்காருங்க."

லிங்கம் உட்காரவில்லை. "மெசின் நல்ல மெசின், நானா" என்றார்.

ஜாபிர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் கையைப் பார்த்தார். கண்ணாடி வெட்டுகிற அந்தக் கை, ஒரு ரேகைத் தடத்தைக்கூடத் தாங்காத கை, நகத்தடியெல்லாம் பழுப்பாய் இருந்தது. ஜாபிருக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மீனு இரிக்கா?"

"ஒண்ணு இருக்கு."

"அது போதும். காச உள்ளுக்கு வெய்யிங்க அண்ணே. மவுத்து வூட்டுக் காசு எனக்கு வாணாம். நான் அத எப்பவோ மறந்துட்டேன்."

"நான் மறக்கல. கையை நீட்டுங்க."

"வாணாம்ண்டு சொல்றேனே."

"நானா." லிங்கம் மேசையருகே வந்தார். "இத நீங்க வாங்கலேன்னா நான் எங்க போய் இறக்கி வைக்கிறது?"

ஜாபிர் மேசைக்கு இப்பால் வந்தார். உள்ளங்கையை விரித்தார். லிங்கம் ஒவ்வொரு தாளாய், வாய்க்குள் எண்ணிக்கொண்டு, அந்தக் கையில் வைத்தார். ஒவ்வொரு தாளிலும் அவர் பெருவிரலின் பழுப்புத் தடம் ஒட்டியது. முந்நூற்று நாற்பதும் வந்து முடிந்த பிறகும் அவர் தன் கையை எடுக்கவில்லை. ஜாபிரும் உள்ளங்கையை மூடவில்லை.